கட்டி மூன்று, கோட் ஒன்று: மெடிக்கல் கோடிங் கேள்வி பதில்

போன இதழில் பித்தப்பை ஆபரேஷனைப் பற்றி எழுதும்போது, ‘சிறுநீரக நீர்க்கட்டியில் புதியவர்கள் எல்லோரும் ஒருமுறையாவது வழுக்கி விழுவார்கள்’ என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். அதன் பலன், இந்த மாதம் வந்த கடிதங்களில் முக்கால்வாசி நீர்க்கட்டிதான். சரி, இந்த இதழை அதற்கே கொடுத்துவிடுவோம். எழுதியவர்களில் பாதிப்பேர் இன்றைக்கும் ஏதோ ஒரு கம்பெனியில் சார்ட், அதாவது நோயாளியின் சிகிச்சைக் குறிப்புகள், பார்க்கிறவர்கள். பெயரைப் போட்டால் எச்.ஆரிலிருந்து கூப்பிடுவார்கள். அதனால் ஊர்ப் பெயர் மட்டும்.

என் மருமகள் அம்பத்தூரில் வேலை பார்க்கிறாள். என்ன வேலை என்று கேட்டால், “அமெரிக்காக்காரனுக்குக் கிட்னியில கட்டி எடுத்ததுக்கு நம்பர் போடுறேன் அத்தை” என்கிறாள். ஆபரேஷன் அங்கே, நம்பர் இங்கேயா? என்னைக் கிண்டல் செய்கிறாளா?
(வாசகி, மன்னார்குடி)

கிண்டல் இல்லை அம்மா, உண்மையைத்தான் சொல்லியிருக்கிறாள். அங்கே டாக்டர் ஆபரேஷன் முடித்த கையோடு, என்ன பார்த்தேன், என்ன செய்தேன் என்று இரண்டு பக்கத்துக்கு ஒரு குறிப்பு தருவார். அதற்கு ஆப் நோட் என்று பெயர். இன்சூரன்ஸ் கம்பெனி அந்த இரண்டு பக்கத்தை வைத்துக்கொண்டு பணம் தராது. எண்ணாகக் கொடு என்று கேட்கும். என்ன நோய் என்பதற்கு ஐ.சி.டி. எண், அதற்கு என்ன செய்தார்கள் என்பதற்கு சி.பி.டி. எண். ஆப் நோட்டைப் படித்து அந்த எண்களை எடுத்துக் கொடுப்பதுதான் கோடிங். சென்னை, கோவை, திருச்சி என்று நம் ஊர்களில் இதற்காகவே மாடி மாடியாக ஆட்கள் உட்கார்ந்திருக்கிறோம்.

சி.பி.டி. புத்தகம் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சொத்து. 1966-ல் முதன்முதலாக வந்தது. ஒவ்வொரு ஜனவரி 1-ஆம் தேதியும் மாறும். ஐ.சி.டி. அக்டோபர் 1-ஆம் தேதி மாறும். ஆகையால் அந்த இரண்டு மாதங்களில் மருமகள் சிடுசிடுவென்று இருந்தால் கண்டுகொள்ளாதீர்கள். ஒரு காபி போட்டுக் கொடுத்தால் இன்னும் நல்லது.

ரிப்போர்ட்டின் தலைப்பில் ‘லேப்ராஸ்கோப்பிக் எக்ஸிஷன் ஆஃப் ரைட் ரீனல் சிஸ்ட்’ என்று இருந்தது. புத்தகத்தில் எக்ஸிஷன் (வெட்டி எடுப்பது) என்று தேடினேன், 50280 வந்தது, போட்டேன். ஆடிட்டில், அதாவது போட்ட கோடைச் சரிபார்த்தபோது, எரர். 50541 போட்டிருக்க வேண்டுமாம். அதில் ‘அப்ளேஷன்’ என்று அல்லவா இருக்கிறது? டாக்டர் கட்டியை எரிக்கவில்லை, கத்தரிக்கோலால் வெட்டியிருக்கிறார். யார் சொல்வது சரி அக்கா?
(வாசகி, பெருங்களத்தூர்)

ஆடிட்டர் சொன்னதுதான் சரி. ஆனால் உன் கோபத்திலும் நியாயம் இருக்கிறது தங்கச்சி. அந்த ‘அப்ளேஷன்’ என்ற சொல்லை அங்கே வைத்தவர்களை நானும் திட்டியிருக்கிறேன்.

முதலில் உள்ளே என்ன நடக்கிறது என்று கண்ணில் கொண்டுவா. நீர்க்கட்டி என்பது சிறுநீரகத்தில் பாதி புதைந்து பாதி வெளியே துருத்திக்கொண்டிருக்கும் தண்ணீர்ப் பலூன். வயிற்றில் சின்னத் துளைகள் போட்டு, வாயுவை நிரப்பி, கேமராவை விடுகிறார்கள். பெருங்குடலை ஒதுக்குகிறார்கள். சிறுநீரகத்தைச் சுற்றியிருக்கும் ஜெரோட்டா உறையைத் திறந்தால் கட்டி தெரியும், பார்த்தால் நீலம் பாரித்திருக்கும். ஊசியால் நீரை உறிஞ்சிவிட்டு, வெளியே துருத்தும் சுவரை மட்டும் சுற்றிலும் வெட்டி எடுக்கிறார்கள். சிறுநீரகத்தோடு ஒட்டிய அடிச்சுவரைப் பெரும்பாலும் தொடமாட்டார்கள். பிய்க்கப் போனால் ரத்தம் கொட்டும். வெட்டிய விளிம்பில் சூடு வைத்து ரத்தத்தை நிறுத்துவார்கள். கூரையைப் பிரித்துப் போட்ட குடிசையில் மழைநீர் தேங்காமல் போவதுபோல, அதற்குமேல் ஊறும் நீர் வெளியே வழிந்து உடம்பிலேயே உறிஞ்சப்பட்டுவிடும். ‘அன்ரூஃபிங்’ என்று டாக்டர் சொல்வது இந்தக் கூரை பிரிக்கிற வேலையைத்தான். தலைப்பில் எக்ஸிஷன் என்று போட்டுவிட்டு உள்ளே அன்ரூஃபிங் செய்திருப்பார், டீகார்ட்டிகேஷன் என்றும் எழுதுவார். மூன்றும் கிட்டத்தட்ட ஒரே வேலைதான்.

இப்போது புத்தகத்துக்கு வா. 50280 என்பது எக்ஸிஷன் அல்லது அன்ரூஃபிங், ஆனால் விலாவைக் கிழித்துத் திறந்து செய்வது. லேப்ராஸ்கோப்பி என்றால் சிறுநீரகத்துக்குத் தனிக் குடும்பம் இருக்கிறது. அதில் நீர்க்கட்டிக்கு இருக்கும் ஒரே வீடு 50541. எரித்தாலும் அதுதான், வெட்டினாலும் அதுதான். நீ வேலையின் பெயரை முதலில் தேடினாய், வழியைப் பிறகு பார்த்தாய். வழியை முதலில் பார்த்திருந்தால் 50280 பக்கத்தைத் திறந்திருக்கவே மாட்டாய்.

ஊசியால் உறிஞ்சியதற்கு 50390 சேர்க்காதே. கேமராவை விட்டுச் சுற்றிப் பார்த்ததற்கு 49320-உம் சேர்க்காதே. இரண்டும் பெரிய வேலைக்குள் அடக்கம். ரோபோ வைத்துச் செய்திருந்தாலும் 50541 மாறாது. எஸ்2900 என்று ஒரு கோட் இருக்கிறது, சில தனியார் இன்சூரன்ஸ்கள் தகவலுக்காக வாங்கிக்கொள்ளும். மெடிகேர், அதாவது முதியவர்களுக்கான அமெரிக்க அரசு இன்சூரன்ஸ், அதற்குச் சல்லிக்காசு தராது.

அப்புறம், பக்கத்து வீடுகளில் ஏறிவிடாதே. 50542 நீர்க்கட்டிக்கு இல்லை, திடமான கட்டியைக் குளிராலோ சூட்டாலோ அழிப்பதற்கு. 50543 சிறுநீரகத்தின் ஒரு பகுதியையே வெட்டி எடுப்பது. அதற்குப் பணம் அதிகம் என்பதால், கட்டிச் சுவரோடு துளி சிறுநீரகத் திசு வந்துவிட்டது என்று பேதாலஜி (வெட்டி எடுத்த திசுவைப் பரிசோதிக்கும்) ரிப்போர்ட்டில் பார்த்ததும் சிலருக்குக் கை துறுதுறுக்கும். டாக்டர் ஆப் நோட்டில், சிறுநீரகத்தின் ஒரு பகுதியை வெட்டி எடுத்தேன் என்று எழுதியிருக்க வேண்டும். எழுதாவிட்டால் 50543 கிடையாது.

இன்னொரு பொறி, உச்சரிப்பில் இருக்கிறது. ‘பெரிநெஃப்ரிக்’ என்றால் சிறுநீரகத்துக்கு வெளியே, அதைச் சுற்றிய இடத்தில். அதைத் திறந்து எடுத்தால் 50290. ‘பெரிபெல்விக்’ என்றால் சிறுநீரகத்தின் நடுவே, ரத்தக்குழாய்கள் நுழையும் இடத்தில். அது நீர்க்கட்டிதான், லேப்ராஸ்கோப்பி என்றால் 50541-தான். வேலை கடினம் என்பதால் 22 மாடிஃபையர் (சி.பி.டி. எண்ணின் வாலில் ஒட்டும் இரண்டெழுத்துக் குறி) போடலாமா என்று டாக்டர் ஆபீஸிலிருந்து கேட்பார்கள். எவ்வளவு நேரம் கூடியது, ஏன் கூடியது என்று அவர் ஆப் நோட்டிலேயே எழுதியிருந்தால் போடலாம். ‘கஷ்டமாக இருந்தது’ என்ற ஒரு வாக்கியத்துக்கு யாரும் பணம் தரமாட்டார்கள்.

ஒரே சிறுநீரகத்தில் நான்கு கட்டிகளைத் திறந்திருக்கிறார்கள். 50541-ஐ நான்கு யூனிட் போடலாமா மேடம்?
(வாசகர், திருச்சி)

கூடாது. ஒன்றுதான்.

இந்த இடத்தில் என் மானத்தையும் கொஞ்சம் வாங்கிக்கொள்ளுங்கள். 2007-ல் நான் கோடிங்குக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அதற்கு முன்னால் இரண்டு வருஷம் மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷனில் காதில் ஹெட்ஃபோனோடு இருந்தவள். இடது சிறுநீரகத்தில் மூன்று கட்டி, மூன்றையும் டாக்டர் அழகாக அளவோடு எழுதியிருந்தார். நானும் அழகாக 50541, மூன்று யூனிட் என்று போட்டேன். எங்கள் ஆடிட்டர் கும்பகோணத்துக்காரர், குரலை உயர்த்தவே மாட்டார். புத்தகத்தைக் கொண்டுவந்து என் மேஜையில் விரித்து, அந்த வரியின் கடைசிச் சொல்லில் விரலை வைத்தார்.

“கடைசி எழுத்து என்னம்மா?”

“எஸ் சார்.”

“அப்ப கட்டி எத்தனை?”

‘சிஸ்ட்ஸ்’ என்று பன்மையில் போட்டிருக்கிறார்கள். ஒன்றானாலும் ஒன்பதானாலும் அந்த ஒரு கோடுக்குள் அடக்கம். 50280-யிலும் அடைப்புக்குறிக்குள் அந்த எஸ் இருக்கிறது, போய்ப் பாருங்கள். அன்றைக்கு முழுக்க எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

இரண்டு சிறுநீரகத்திலும் ஒரே நேரத்தில் செய்திருந்தால் கதை வேறு. 50 மாடிஃபையர் போட்டு ஒரே வரியில் அனுப்ப வேண்டும்; மெடிகேர் கணக்கில் ஒன்றரை மடங்கு. இரண்டு மடங்கு என்று டாக்டரிடம் சொல்லிவிடாதீர்கள்.

நோய்க்கான கோடில் குழப்பம். ரிப்போர்ட்டில் ‘ரீனல் சிஸ்ட்’ என்று மட்டும் இருக்கிறது. பிறவியிலா, பிறகு வந்ததா என்று தெரியவில்லை. இன்னொரு சார்ட்டில் ‘போஸ்னியாக் 3, கேன்சர் சந்தேகம்’ என்று இருக்கிறது. என்ன போடுவது?
(வாசகர், கரூர்)

முதலாவது சுலபம். ஐ.சி.டி. புத்தகத்தின் இன்டெக்ஸில் சிஸ்ட், கிட்னி என்று போனால் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் ‘அக்வயர்டு’ என்று இருக்கும். அடைப்புக்குறிக்குள் இருக்கும் சொல் ரிப்போர்ட்டில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதே கோட்தான். என்28.1 போட்டுவிட்டு அடுத்த சார்ட்டுக்குப் போகலாம். பிறவியிலேயே என்று டாக்டர் எழுதினால்தான் க்யூ61. அதிலும் ஒற்றைக் கட்டிக்கு க்யூ61.01, பலவற்றுக்கு க்யூ61.02. இரண்டு சிறுநீரகமும் கட்டிகளாலேயே நிறைந்து, குடும்பத்தில் வழிவழியாக வரும் பெரியவர்களின் பாலிசிஸ்டிக் நோய் என்றால் க்யூ61.2. நிறையக் கட்டி இருக்கிறது என்பதை வைத்து நீங்களாகவே பாலிசிஸ்டிக் என்று முடிவு கட்டக் கூடாது. அது டாக்டர் வாயிலிருந்து வரவேண்டிய சொல்.

என்28.1-ல் இடம் வலம் கிடையாது என்பதைக் கவனித்தீர்களா? ஐ.சி.டி.-10 அமெரிக்காவில் 2015 அக்டோபர் 1-ஆம் தேதி வந்தபோது இடது கை சுண்டுவிரல் வரைக்கும் பக்கம் பிரித்தார்கள், இதை விட்டுவிட்டார்கள். ஆகவே எந்தப் பக்கம் என்பதை சி.பி.டி. எண்ணோடு ஆர்.டி. அல்லது எல்.டி. மாடிஃபையராகத்தான் சொல்ல முடியும். மறந்தால் பின்னால் மறுபக்கத்துக்கு ஆபரேஷன் நடக்கும்போது ‘ஏற்கெனவே கொடுத்தாச்சு’ என்று கிளெய்ம் திரும்பும்.

இரண்டாவது கேள்வியில்தான் விஷயம் இருக்கிறது. போஸ்னியாக் என்பது ஒரு ரேடியாலஜி டாக்டரின் பெயர். 1986-ல் அவர் சிறுநீரக நீர்க்கட்டிகளை ஸ்கேனில் தெரியும் தோற்றத்தை வைத்துத் தரம் பிரித்தார். 2019-ல் அதைப் புதுப்பித்தார்கள். ஒன்றும் இரண்டும் சாது. 2எஃப் என்றால் கொஞ்சகாலம் கண்காணி. மூன்று என்றால் சந்தேகம். நான்கு என்றால் பெரும்பாலும் புற்றுநோய். ஆனால் அது படத்தைப் பார்த்துச் சொல்கிற தரம், நோயின் பெயர் இல்லை. டாக்டர் பில்லுக்கும் வெளிநோயாளிக்கும் கோட் செய்யும்போது ‘சந்தேகம்’, ‘இருக்கலாம்’ என்பதையெல்லாம் நோயாக எழுதக் கூடாது. தெரிந்ததை மட்டும் எழுத வேண்டும். பேதாலஜி வந்து புற்றுநோய் என்று உறுதியானால் வலதுக்கு சி64.1, இடதுக்கு சி64.2. அதனால் பேதாலஜி வரும்வரை அந்த சார்ட்டை நிறுத்தி வைப்பது நல்லது. டார்கெட் குறையும் என்று டீம் லீட் முறைப்பார். முறைக்கட்டும். ஒரு மனிதருக்கு இல்லாத புற்றுநோயை அவருடைய ரெக்கார்டில் ஏற்றிவிட்டால் அதை எடுப்பது எவ்வளவு பாடு என்று எனக்குத் தெரியும்.

வேடிக்கை என்னவென்றால், ஆஸ்பத்திரியில் தங்கியவருக்கு ஆஸ்பத்திரி தன் பில்லைப் போடும்போது விதி தலைகீழ். டிஸ்சார்ஜ் நேரத்திலும் ‘புற்றுநோயாக இருக்கலாம்’ என்றே எழுதியிருந்தால் இருப்பதாகவே கோட் செய்யலாம். அங்கே ஆபரேஷனுக்கும் சி.பி.டி. கிடையாது, ஏழு எழுத்து பி.சி.எஸ். கோட். வலது சிறுநீரகத்தில் லேப்ராஸ்கோப்பி வழியாக வெட்டி எடுத்தால் 0டிபி04இசட்இசட். இடது என்றால் நான்காவது இடத்தில் 0-க்குப் பதில் 1. அந்த ஒற்றை எழுத்து மாறிப்போனால் இடதும் வலதும் மாறிப்போகும்.

நான் ஏ.ஆர். காலர், அதாவது வராத பில் பணத்துக்காக இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்கு ஃபோன் செய்கிறவன், ராத்திரி ஷிஃப்ட். ஒரு கிளெய்ம், சி.ஓ. 197, அதாவது முன் அனுமதி இல்லை என்று டினையல். ஆனால் அனுமதி வாங்கிய நம்பர் சிஸ்டத்தில் இருக்கிறது! பேயரிடம் (இன்சூரன்ஸ் கம்பெனியிடம்) மூன்று முறை பேசிவிட்டேன். ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொல்கிறார்கள்.
(வாசகர், கோவை)

தம்பி, அனுமதி எந்தக் கோடுக்கு வாங்கினார்கள், கிளெய்மில் எந்தக் கோட் போயிருக்கிறது என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நீங்கள் எழுதியிருக்கும் விவரத்தைப் பார்த்தால் எனக்கு ஒன்றுதான் தோன்றுகிறது: அனுமதி 50541-க்கு இருக்கும், கிளெய்ம் 50280-க்குப் போயிருக்கும்.

லேப்ராஸ்கோப்பியாக ஆரம்பிப்பார்கள். உள்ளே போனால் பழைய ஆபரேஷனால் குடல் ஒட்டிக்கிடக்கும், அல்லது ரத்தம் நிற்காது. துளை வேலையை விட்டுவிட்டு வயிற்றைத் திறந்துவிடுவார்கள். அப்போது திறந்து செய்ததற்கான கோட் மட்டும்தான் போட வேண்டும், இரண்டும் கூடாது. கோடர் அதைச் சரியாகத்தான் செய்திருக்கிறார். ஆனால் அனுமதியை மாற்றச் சொல்லி யாரும் பேயருக்குத் தகவல் கொடுக்கவில்லை. தவறு கோடிங்கிலும் இல்லை, உங்களிடமும் இல்லை, இடையில் இருக்கிற யாரோ ஒருவரிடம்.

இனி பேசும்போது ‘அனுமதி இருக்கிறது’ என்று வாதாட வேண்டாம். ஆபரேஷன் நடுவில் மாறியது, அனுமதியைத் திருத்த வேண்டும் என்று கேளுங்கள். ஆபரேஷனுக்குப் பிறகு இத்தனை நாளுக்குள் கேட்டால் திருத்தித் தருவோம் என்று பல பேயர்கள் கெடு வைத்திருப்பார்கள். கெடு தாண்டியிருந்தால் அப்பீல்தான். ஆப் நோட்டை இணைத்து, எந்த வரியில் மாறியது என்று கோடிட்டுக் காட்டி அனுப்புங்கள். இசட்53.31, அதாவது லேப்ராஸ்கோப்பி திறந்த ஆபரேஷனாக மாறியது என்பதற்கான நோய்க் கோட், கிளெய்மில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் கோடரிடம் திருப்பி அனுப்பிச் சேர்க்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு முறையும் பேசியவரிடம் கால் ரெஃபரன்ஸ் நம்பர் வாங்குங்கள். ராத்திரி இரண்டு மணிக்கு ஃபோனை வைத்தால் போதும் என்றிருக்கும், ஆனாலும் வாங்குங்கள்.

கூடவே கேட்ட இன்னொன்றுக்கும் பதில். சி.ஓ. 50, ‘மருத்துவத் தேவை இல்லை’ என்று நீர்க்கட்டிக்கு வந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். சாதாரண நீர்க்கட்டிக்கு எந்தச் சிகிச்சையும் வேண்டியதில்லை என்பது அவர்களுக்கும் தெரியும். எனக்கே இடது சிறுநீரகத்தில் ஒன்று இருக்கிறது. மூன்று வருஷத்துக்கு முன்னால் மாஸ்டர் ஹெல்த் செக்கப் ஸ்கேனில் தெரிந்தது, 2.8 சென்டிமீட்டர். டாக்டர் “ஒண்ணும் பண்ண வேண்டாம்மா” என்று சொல்லி முடிப்பதற்குள் என் மண்டைக்குள் என்28.1 ஓடிவிட்டது. ஆக, ஆபரேஷன் ஏன் என்பதற்குக் காரணம் ரெக்கார்டில் வேண்டும்: விலாவில் விடாத வலி, திரும்பத் திரும்ப இன்ஃபெக்‌ஷன், சிறுநீர் போகும் பாதையை அடைப்பது, ஊசியால் எடுத்தும் மறுபடி நிறைந்தது. அந்த ஊசி வைத்தியம் செய்த தேதியும் ரிப்போர்ட்டும் கிடைத்தால் அப்பீலில் பாதி வேலை முடிந்தது.

மகன் டல்லாஸில் இருக்கிறான். சிறுநீரக நீர்க்கட்டிக்கு ஆபரேஷன் நடந்தது, ஒரு ராத்திரிதான் ஆஸ்பத்திரியில் இருந்தான். இப்போது நான்கு இடத்திலிருந்து பில் வருகிறதாம். ஒரே ஆபரேஷனுக்கு நான்கு பில் என்றால் ஏமாற்று வேலைதானே? ரிப்போர்ட் நகல் இணைத்திருக்கிறேன். நான் இங்கிருந்து யாருக்கு ஃபோன் செய்ய வேண்டும்?
(வாசகர், தஞ்சாவூர்)

ஐயா, முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். நகலைப் படிக்காமலே கிழித்துப் போட்டுவிட்டேன். பிள்ளையின் பெயர், பிறந்த தேதி எல்லாம் இருக்கிற காகிதத்தை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள்.

நான்கு பில் என்பது மட்டும் ஏமாற்று ஆகாது. அங்கே ஆஸ்பத்திரி வேறு, டாக்டர் வேறு. தியேட்டர், படுக்கை, நர்ஸ், மருந்துக்கு ஆஸ்பத்திரி ஒரு பில் போடும். ஆபரேஷன் செய்தவர் தனியாக, மயக்க மருந்து கொடுத்தவர் தனியாக, கட்டிச் சுவரை மைக்ராஸ்கோப்பில் பார்த்த பேதாலஜி டாக்டர் தனியாக. மயக்க மருந்துக்காரருக்கு நேரக் கணக்கும் உண்டு. 15 நிமிஷம் ஒரு யூனிட். நம் ஊரில் ஒரே ரசீதில் மொத்தமாக வருவதை அங்கே பிரித்து அனுப்புகிறார்கள், அவ்வளவுதான்.

மகன் பார்க்க வேண்டியவை சில. வந்திருக்கும் காகிதம் பில்தானா, அல்லது இன்சூரன்ஸ் அனுப்பிய விளக்கத் தாளா? அந்தத் தாளில் ‘இது பில் அல்ல’ என்று போட்டிருக்கும். அதைப் பார்த்துப் பணம் கட்டியவர்கள் உண்டு. இரண்டாவது, இன்சூரன்ஸ் தாளில் ‘நோயாளி தர வேண்டியது’ என்று இருக்கும் தொகையைவிட பில்லில் கூடுதலாகக் கேட்டால் கட்ட வேண்டாம், காரணம் கேட்கச் சொல்லுங்கள். மூன்றாவது, ஆஸ்பத்திரி இன்சூரன்ஸ் வலைக்குள் (அதாவது கம்பெனியோடு ஒப்பந்தம் போட்ட நெட்வொர்க்கில்) இருந்து, மயக்க மருந்து டாக்டரோ பேதாலஜிக்காரரோ வலைக்கு வெளியே இருந்தால், அவர்கள் கூடுதல் தொகையை நோயாளி தலையில் கட்ட முடியாது. 2022 ஜனவரி 1-லிருந்து அதற்குத் தனிச் சட்டமே இருக்கிறது.

அப்புறம், ஆபரேஷனுக்குப் பிறகு அதே டாக்டரைத் தையல் பார்க்கவும் புண் ஆறியதா என்று காட்டவும் போயிருப்பான். அதற்குத் தனி பில் வந்திருக்கிறதா? 50541-க்கு 90 நாள் கணக்கு உண்டு. அந்த 90 நாளுக்குள் ஆபரேஷன் சம்பந்தமாகப் பார்ப்பதெல்லாம் ஆபரேஷன் கட்டணத்திலேயே சேர்ந்தது. வேறு நோய்க்காகப் போயிருந்தால்தான் தனிக் கட்டணம். இந்த ஒன்றை நோயாளிகள் கவனிப்பதே இல்லை.

வரி வரியாகப் பிரித்த பில் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். கட்ட முடியாத தொகை என்றால், ஆஸ்பத்திரி லாப நோக்கமில்லாத வகையா என்று விசாரிக்கட்டும். அப்படிப்பட்ட ஆஸ்பத்திரிகள் உதவித் திட்டம் வைத்திருக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். டிஸ்சார்ஜுக்குப் பிறகு வந்த முதல் பில்லிலிருந்து 240 நாள் வரை விண்ணப்பிக்கலாம். வருமானத்தைப் பார்த்துக் குறைப்பார்கள்.

நீங்கள் தஞ்சாவூரிலிருந்து ஃபோன் செய்தால், அப்பா என்று சொன்னாலும் பேச மாட்டார்கள் ஐயா. மகன் சம்மதம் கொடுத்திருக்க வேண்டும். அவர்களைக் கோபித்துப் பயனில்லை, நோயாளியின் விவரங்களை ரகசியமாகக் காக்கச் சொல்லும் 1996-ஆம் வருஷத்து ஹிப்பா சட்டம் அப்படி.

அமெரிக்கக் கதை இருக்கட்டும். இங்கே என் மனைவிக்கு அதே நீர்க்கட்டி ஆபரேஷன். பாலிசி எடுத்து 14 மாதம்தான் ஆகிறது என்று கிளெய்மை மறுத்துவிட்டார்கள். கோடிங்குக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?
(வாசகர், சேலம்)

கொஞ்சம் உண்டு. நம் பாலிசிகள் பலவற்றில் நீர்க்கட்டி, சாதாரணக் கட்டி, மூட்டு மாற்று என்று ஒரு பட்டியல் போட்டு, அவற்றுக்கு இரண்டு வருஷக் காத்திருப்பு வைத்திருப்பார்கள். உங்கள் பாலிசியில் அந்த வரி இருந்தால் 14 மாதத்தில் கிடைப்பது கடினம். மறுத்ததற்கான காரணத்தை, எந்த விதியின்கீழ் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அது பொருந்தாது என்று தோன்றினால் கம்பெனியின் குறைதீர்ப்புப் பிரிவு, அதற்கும் மேலே இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மேன். தமிழ்நாட்டுக்கு அலுவலகம் சென்னையில் இருக்கிறது.

கோடிங் வருகிற இடம் வேறு. கிளெய்ம் படிவத்தில் ஆஸ்பத்திரி நிரப்புகிற பகுதியில் ஐ.சி.டி.-10 எண்ணுக்குக் கட்டம் இருக்கிறது. பல இடங்களில் அதை டெஸ்க்கில் இருக்கிற பிள்ளை கூகுளில் தேடி நிரப்புகிறது. என்28.1 போட வேண்டிய இடத்தில் க்யூ61 விழுந்தால் ‘பிறவிக் குறை, மறைத்துவிட்டீர்கள்’ என்று ஒரு புதுக் கேள்வி கிளம்ப வழி உண்டு. உங்கள் படிவத்தின் நகலை வாங்கி அந்தக் கட்டத்தை ஒருமுறை பாருங்கள்.

பி.எஸ்சி. விலங்கியல் முடித்திருக்கிறேன். கோடிங்குக்கான சி.பி.சி. சான்றிதழ்த் தேர்வு எழுதலாமா? கம்ப்யூட்டரே கோட் போடுகிறதாமே, இந்த வேலை இருக்குமா?
(வாசகி, நாமக்கல்)

எழுதலாம். நான்கு மணி நேரம், 100 கேள்வி, 70 சதவீதம் எடுத்தால் தேர்ச்சி. புத்தகத்தைக் கொண்டுபோகலாம், அதில் பென்சிலால் குறிப்பும் எழுதி வைத்திருக்கலாம். அனுபவம் இல்லாதவர்களுக்குப் பட்டத்தின் பின்னால் ‘ஏ’ என்று ஒரு வால் ஒட்டியிருக்கும், வேலை பார்த்தால் நீங்கிவிடும். பாஸ் செய்தால் வேலை நிச்சயம் என்று லட்சக்கணக்கில் பணம் கேட்கிற இடத்துக்குப் போகாதீர்கள்.

கம்ப்யூட்டர் விஷயம்: எக்ஸ்ரே, ரத்தப் பரிசோதனை மாதிரி எளிய சார்ட்களை அது வேகமாக முடித்துவிடுகிறது, அதில் ஆட்கள் குறைவார்கள். அறுவை சிகிச்சை சார்ட்களில் அது பெருங்களத்தூர்த் தங்கச்சி மாதிரி தலைப்பில் இருக்கும் எக்ஸிஷனைப் பிடித்துக்கொண்டு 50280 என்று சொல்வதை நானே பார்த்திருக்கிறேன். ஆகவே சர்ஜரி படியுங்கள், உடற்கூறு படியுங்கள். விலங்கியல் படித்தவருக்கு அது பாதி வழி.

அடுத்த இதழில் யூரேட்டர் ஸ்டென்ட் பற்றி வந்திருக்கும் கேள்விகளை எடுக்கிறேன். நோயாளி ரிப்போர்ட் நகல் யாரும் அனுப்ப வேண்டாம், கேள்வி மட்டும் போதும்.